கோப்பர்நிக்கஸ் கணக்கு தாலமியை விடத் துல்லியமா? இல்லையென்றால் எதை வைத்து மாறினார்கள்?

ஆதிரை:
பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒரு கையேடு தயாராகிறது. அதில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "தாலமியின் மாதிரி வட்டத்துக்கு மேல் வட்டமாகப் பெருகிச் சிக்கலானது. கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்ததும் எல்லாம் எளிதாகி, கணிப்பும் சரியாகிவிட்டது." இதை அப்படியே அச்சிடலாமா?

சந்தேகம் வரக் காரணம் ஆண்டுகள்தான். கோப்பர்நிக்கஸின் நூல் 1543-ல் வந்தது. செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று காட்டிய கெப்ளரின் நூல் 1609-ல். நடுவில் 66 ஆண்டு. அத்தனை எளிது, அத்தனை சரி என்றால் அந்தக் காலத்து வானியலாளர்களில் பெரும்பாலோர் ஏன் மாறாமலே இருந்தார்கள்? மதம், அதிகாரம் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே கணக்கோடு பேசினால் நல்லது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்த பிள்ளை போட்டுப் பார்க்கிற அளவில் இருந்தால் போதும்.

பரிதி:
அந்த வரியை அச்சிட வேண்டாம். முன்பாதி, பின்பாதி இரண்டுமே தவறு.

தாலமி அலெக்சாந்திரியாவில் கி.பி. 150 வாக்கில் அல்மஜெஸ்ட் என்ற வானியல் நூலை எழுதினார். அதில் ஒரு கோளுக்கு ஒரு பெருவட்டம், அதன் மேல் ஊர்ந்து செல்லும் ஒரு சிறுவட்டம், அந்தச் சிறுவட்டத்தின் விளிம்பில் கோள். பெருவட்டத்தின் மையத்தில் பூமி இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. மையத்துக்கு மறுபக்கம் அதே தூரத்தில் ஈக்வன்ட் என்று ஒரு வெற்றுப் புள்ளி. அங்கிருந்து பார்த்தால்தான் சிறுவட்டத்தின் மையம் சம வேகத்தில் சுற்றும். செவ்வாய்க்குப் பெருவட்ட ஆரம் 60 என்று வைத்தால் சிறுவட்ட ஆரம் 39.5, பூமி மையத்திலிருந்து 6 தள்ளி, ஈக்வன்ட் மறுபக்கம் 6 தள்ளி. வெள்ளி, வியாழன், சனி மூன்றுக்கும் இதே அமைப்பு, எண்கள் மட்டும் வேறு. புதனுக்கும் நிலவுக்கும் கொஞ்சம் கூடுதல் ஏற்பாடு உண்டு. தாலமிக்குப் பின் வந்தவர்கள் எண்பது, நூறு என்று வட்டங்களை அடுக்கினார்கள் என்பது பிற்காலத்தில் கிளம்பிய கதை. எந்த நாளில் எந்தக் கோள் எங்கே நிற்கும் என்று சொல்லும் இடைக்காலப் பட்டியல்களும் இதே அமைப்பில்தான் கணக்கிடப்பட்டன.

கோப்பர்நிக்கஸுக்கு உறுத்தியது அந்த ஈக்வன்ட். வட்டம் தன் மையத்தைப் பற்றியே சீராகச் சுழல வேண்டும், வேறொரு புள்ளியைப் பற்றிச் சீராக என்பது விதிமீறல் என்று நினைத்தார். அதை நீக்க ஒவ்வொரு கோளுக்கும் கூடுதலாகக் குட்டி வட்டங்களைச் சேர்த்தார். 1514-க்கு முன்பே கையெழுத்துப் படியாகச் சுற்றிய தன் சிற்றுரையில், மொத்தம் 34 வட்டம் போதும் என்று அவரே கூட்டிச் சொல்கிறார். ஆக, சிறுவட்டம் ஒழியவில்லை. ஈக்வன்ட்டை நீக்கும் இந்த வடிவகணிதத்தை 13-ம் நூற்றாண்டில் பாரசீகத்தின் மராகா நோக்ககத்தைச் சேர்ந்த நசீருத்தீன் தூசியும், 14-ம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் இப்னு அல்-ஷாத்திரும் முன்பே போட்டிருந்தார்கள். எந்த வழியில் அது போலந்துக்கு வந்தது என்பது இன்றும் ஆய்வில் இருக்கும் விஷயம்.

துல்லியத்துக்கு வருவோம். எராஸ்மஸ் ரைன்ஹோல்ட் 1551-ல் கோப்பர்நிக்கஸ் முறைப்படி புரூத்தனியப் பட்டியலை வெளியிட்டார். 1563-ல் வியாழனும் சனியும் சேர்ந்தபோது தாலமி வழியில் வந்த பழைய அல்ஃபோன்சோ பட்டியல் ஏறக்குறைய ஒரு மாதம் தவறியது, புரூத்தனியப் பட்டியல் சில நாள்தான் தவறியது. ஆனால் அது தொடக்க எண்களைப் புதுப்பித்ததால் கிடைத்த லாபம். தாலமியின் எண்களைப் புதுப்பித்திருந்தாலும் அதே லாபம் வந்திருக்கும். செவ்வாயை எடுத்துப் பாருங்கள்: இரண்டு பட்டியலும் சில ஆண்டுகளில் 4, 5 பாகை தள்ளிக் காட்டின. வெறுங்கண்ணுக்கே தெரியும் பிழை அது. நிலவின் அகலமே அரைப் பாகைதான்.

ஆதிரை:
சரி. வட்டமும் குறையவில்லை, பிழையும் குறையவில்லை. அப்படியானால் கோப்பர்நிக்கஸ் கொடுத்தது என்ன? ஒருசிலராவது அவர் பக்கம் போனார்களே.

பரிதி:
அளவுகோல் கொடுத்தார்.

தாலமியின் எண்களை வரிசையாகப் பாருங்கள். பெருவட்டம் எப்போதும் 60. சிறுவட்டம் புதனுக்கு 22.5, வெள்ளிக்கு 43.17, செவ்வாய்க்கு 39.5, வியாழனுக்கு 11.5, சனிக்கு 6.5. புதன், வெள்ளி இரண்டுக்கும் சிறுவட்டத்தை 60-ஆல் வகுங்கள்: 0.375, 0.719. மற்ற மூன்றுக்கும் 60-ஐச் சிறுவட்டத்தால் வகுங்கள்: 1.519, 5.22, 9.23. இன்று சூரியனிலிருந்து இவற்றின் சராசரித் தூரம் (பூமியின் தூரம் 1 எனில்) 0.387, 0.723, 1.524, 5.20, 9.5. தாலமியின் பட்டியலில் பூமியின் சுற்றுப்பாதை ஐந்து தடவை ஐந்து வேடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரே பாதைதான் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் எந்தக் கோளின் பெருவட்டம் மற்றதை விட எவ்வளவு பெரிது என்று சொல்ல அல்மஜெஸ்டில் வழி இல்லை. கோளங்களை இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகி, தனியாக ஒரு ஊகத்தில்தான் தூரம் சொன்னார்.

இன்னொன்று. தாலமியில் செவ்வாய், வியாழன், சனி மூன்றின் சிறுவட்ட ஆரமும் எப்போதும் பூமி-சூரியன் கோட்டுக்கு இணையாகவே நிற்கும். புதன், வெள்ளியின் சிறுவட்ட மையம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையிலேயே நிற்கும். ஏன்? தாலமியிடம் பதில் இல்லை, அப்படி வைத்தால் கணக்கு சரிவரும் என்பது மட்டும்தான். பூமியை நகர்த்திவிட்டால் இந்த ஐந்து தற்செயலும் ஒரே வீச்சில் காணாமல் போகும். செவ்வாய் எதிர்நிலையில் (பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிரே) இருக்கும்போது மட்டும் வக்கிரமாவது (பின்னோக்கி நகர்வதாகத் தெரிவது) ஏன் என்பதும் தானாக விளங்கிவிடும். உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி அப்போதுதான் அதை முந்துகிறது.

மாணவர்கள் செய்ய ஒரு கணக்கு. செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்த நாளிலிருந்து அடுத்த எதிர்நிலை வரை சராசரி 779.94 நாள். பூமி சூரியனைச் சுற்ற 365.256 நாள். 1/365.256-லிருந்து 1/779.94-ஐக் கழித்து, விடையைத் தலைகீழாக்கினால் 686.98 நாள். அதுதான் செவ்வாயின் உண்மையான ஆண்டு. அடுத்து, எதிர்நிலையிலிருந்து செவ்வாய் சூரியனுக்கு 90 பாகையில் வந்து நிற்கச் சராசரியாக 106 நாள் ஆகும். அந்த 106 நாளில் பூமி 104.5 பாகை போயிருக்கும், செவ்வாய் 55.5 பாகை போயிருக்கும். வித்தியாசம் 49 பாகை. சூரியன், பூமி, செவ்வாய் மூன்றும் சேர்ந்த முக்கோணத்தில் பூமியில் செங்கோணம், சூரியனில் 49 பாகை. 1-ஐக் கொசைன் 49-ஆல் வகுத்தால் 1.52.

இதில் பிள்ளைகள் வழுக்கும் இடம்: ஒரே ஒரு ஆண்டின் எதிர்நிலையை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் 1.52 வராது. செவ்வாயின் தூரமே 1.38-க்கும் 1.67-க்கும் இடையில் ஆடுகிறது, அந்த ஆண்டு அது பாதையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். பல எதிர்நிலைகளின் சராசரியைக் கொடுங்கள். வெள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. சூரியனை விட்டு அது விலகும் உச்சக் கோணம் 45-க்கும் 47-க்கும் இடையிலேயே இருக்கும், 46.3-க்கு சைன் போட்டால் 0.723. புதனுக்கு 18-லிருந்து 28 பாகை வரை மாறும். அந்த இரண்டுக்கும் சைன் போட்டுச் சராசரி எடுத்தால் 0.389.

துலாக்கோல்:
பரிதி சொன்னதெல்லாம் சரி. ஆனால் இது பூமி நகர்வதற்குச் சான்று ஆகாது. டைக்கோ பிராஹே 1588-ல் அச்சிட்ட அமைப்பில் ஐந்து கோளும் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும். அதே தூரங்கள், அதே கோணங்கள், அதே வக்கிரம். ஐந்து தற்செயலும் அங்கேயும் ஒழிந்துவிடும். பூமி மட்டும் அசையாது. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நோக்கர் அவர், ஹ்வென் தீவில் உரானிபோர்க் நோக்ககம் கட்டி ஒன்றிரண்டு கலை வரை அளந்தவர் (60 கலை ஒரு பாகை). அவர் கோப்பர்நிக்கஸை மறுத்தது பிடிவாதத்தால் அல்ல, அளந்து பார்த்துத்தான் மறுத்தார்.

அவர் மறுப்பைக் கணக்காகவே தருகிறேன். பூமி ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றினால், ஆறு மாத இடைவெளியில் பாதையின் இரு முனையிலிருந்து விண்மீனைப் பார்க்கிறோம். அதன் இடம் மாறித் தெரிய வேண்டும். டைக்கோவின் கருவியில் ஒரு கலை அளவுக்குக்கூட மாற்றம் இல்லை. ஒரு கலைக்கும் குறைவு என்றால் விண்மீன்கள் பூமி-சூரியன் தூரத்தைப் போல் கிட்டத்தட்ட 6,900 மடங்குக்கு அப்பால் இருக்க வேண்டும். அது சனியின் தூரத்தைப் போல் 700 மடங்குக்கு மேல். சனிக்கும் விண்மீனுக்கும் நடுவில் அவ்வளவு வெற்றிடம்.

வெற்றிடத்தையாவது ஏற்கலாம், விண்மீனின் பருமனை ஏற்க முடியாது. மூன்றாம் நிலைப் பிரகாசமுள்ள விண்மீனின் அகலம் ஒரு கலை என்றும், முதல் நிலை விண்மீன் இரண்டு கலை என்றும் டைக்கோ மதிப்பிட்டிருந்தார். அந்தத் தொலைவில் ஒரு கலை அகலம் என்றால், சாதாரண விண்மீன் ஒன்றே பூமியின் சுற்றுப்பாதை முழுவதையும் அடைக்கும் பருமன். முதல் நிலை என்றால் அதைப்போல் இரு மடங்கு. சூரியன் அதன் பக்கத்தில் ஒரு தூசு. பூமி நிலையாக இருந்தால் விண்மீன்கள் சனிக்குச் சற்று அப்பால், சூரியனோடு ஒப்பிடக்கூடிய அளவில் அடங்கிவிடும். 1600-ல் நின்று பார்த்தால் எது நியாயமான முடிவு?

வெள்ளிவீதி:
துலாக்கோல் எழுப்பிய மறுப்பைக் கையேட்டில் கட்டாயம் போடுங்க. பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. எங்கே ஓட்டை என்றும் அவர்களே கண்டுபிடிக்கலாம்.

தர்க்கத்தில் ஓட்டை இல்லை, "விண்மீன் ஒரு கலை அகலம்" என்ற அளவில்தான் ஓட்டை. கண்ணுக்குள்ளும் காற்றிலும் ஒளி சிதறுவதால் புள்ளி ஒளிகூட ஒரு வட்டாகத் தெரியும். தொலைநோக்கி வந்த பிறகும் இந்தப் போலி வட்டு போகவில்லை, சில விகலை அளவுக்குச் சுருங்கியது (60 விகலை ஒரு கலை). ஒளி அலையாக இருப்பதால் வில்லையின் விட்டமே இப்படி ஒரு வட்டை உண்டாக்கும் என்று கணக்கு வந்தது 1835-ல், ஜார்ஜ் ஏரி மூலமாக.

ஆனால் அலைக் கொள்கை இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு: நிலவு விண்மீனை மறைக்கும் நேரம். நிலவு விண்மீன்களுக்கு நடுவே மணிக்குச் சுமார் 33 கலை நகர்கிறது. விண்மீனுக்கு உண்மையிலேயே இரண்டு கலை அகலம் இருந்தால் நிலவின் விளிம்பு அதை மூட மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும், மெல்ல மெல்ல மங்கும். நடப்பது என்ன? சிறு தொலைநோக்கியில், நிலவின் இருண்ட விளிம்பு மறைக்கும் நாளாகப் பார்த்து வையுங்கள். விண்மீன் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று போகும். நொடியில் சிறு பகுதி போதும். ஆக அகலம் ஒரு விகலையை விடவும் மிகக் குறைவு. டைக்கோவின் பருமன் வாதம் அங்கேயே விழுந்துவிடும். ஒளிர்ந்த விளிம்பு பக்கம் பார்த்தால் கூச்சத்தில் ஒன்றும் தெரியாது, வளர்பிறையில் பாருங்க. அப்போது இருண்ட விளிம்புதான் முன்னால் போகும்.

அடுத்து கலிலியோ. 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகள். அவை சொன்னது, "பூமி அல்லாத ஒன்றையும் சுற்றலாம்" என்பது மட்டும். தாலமியை உண்மையில் கவிழ்த்தது அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் பார்த்த வெள்ளியின் பிறைகள். தாலமி அமைப்பில் வெள்ளியின் சிறுவட்டம் முழுவதும் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில். அப்படியானால் வெள்ளியின் ஒளிபட்ட பக்கம் பெரும்பாலும் நமக்கு முதுகு காட்டியே இருக்கும். பிறைதான் தெரியும், முக்கால் வட்டமோ முழு வட்டமோ ஒருநாளும் தெரியக்கூடாது. கலிலியோ அக்டோபரில் பார்த்தபோது சின்ன வட்டம், டிசம்பர் நடுவில் பாதி, அப்புறம் பெரிய பிறை. வட்டமாகத் தெரிகையில் சுமார் 10 விகலை, மெல்லிய பிறையில் 60 விகலை வரை போகும். பூமியிலிருந்து தூரம் (பூமி-சூரியன் தூரம் 1 எனில்) 1.72-லிருந்து 0.28-க்கு வருவதால் ஆறு மடங்கு. கணக்கு கச்சிதமாக உட்காரும்.

ஆனா துலாக்கோல் சொல்லப் போவதை நானே சொல்லிடறேன்: இந்தப் பிறைகள் டைக்கோ அமைப்பிலும் அப்படியே வரும். 1610-க்குப் பிறகு போட்டி கோப்பர்நிக்கஸுக்கும் டைக்கோவுக்கும்தான். 1651-ல் ரிச்சியோலி என்ற ஏசு சபைத் துறவி பூமி நகர்வு பற்றி இரு பக்கமும் சேர்த்து 126 வாதங்களைத் தொகுத்தார். அவர் தேர்ந்ததும் டைக்கோ வகை அமைப்புதான்.

ஆதிரை:
அப்படியானால் கெப்ளர் எங்கே வருகிறார்? பாடநூலில் மூன்று விதிகளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த 5 பாகைப் பிழையை ஒழித்தது அவர்தானே?

கணியன்:
அவரேதான். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த வரலாற்றின் முதுகெலும்பு இதுதான் என்பது என் கருத்து.

கோப்பர்நிக்கஸ் அமைப்பைச் சூரிய மையம் என்கிறோம். கணக்கில் அது சூரிய மையமே அல்ல. எல்லாப் பாதைகளையும் அவர் அளந்தது பூமிப் பாதையின் மையத்திலிருந்து. சூரியன் அந்த மையத்துக்குப் பக்கத்தில் சும்மா விளக்குப்போல் இருந்தது. தாலமியின் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பூமியை மற்றக் கோள்களைப்போல் நடத்தவும் இல்லை, அது மட்டும் சீரான வேகத்தில் சுற்றியது. செவ்வாயைப் பார்க்கிற இடம் பூமி. பார்க்கிற இடத்தின் நிலை தவறாக இருந்தால், செவ்வாய் நமக்கு நெருங்கி வரும் வேளையில் அந்தப் பிழை பெருகித் தெரியும். அந்த 5 பாகையில் பெரும்பங்கு அங்கிருந்தும் வருகிறது.

கெப்ளர் 1600-ல் பிராகா அருகே டைக்கோவிடம் சேர்ந்தார். அவர் கைக்கு வந்தது செவ்வாய். முதல் வேலையாக எல்லாக் கோணத்தையும் உண்மையான சூரியனிலிருந்து அளந்தார். இரண்டாவது வேலை பூமியின் பாதையை அளப்பது. இதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. செவ்வாய் 687 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும், பூமி அப்போது வேறு இடத்தில் இருக்கும். ஆகவே 687 நாள் இடைவெளியில் எடுத்த நோக்குகளில் செவ்வாய் அசையாத கம்பம். டைக்கோவின் குறிப்பேட்டிலிருந்து அவர் எடுத்த நாட்கள்: 1590 மார்ச் 5, 1592 ஜனவரி 21, 1593 டிசம்பர் 8, 1595 அக்டோபர் 26. நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு இடைவெளியும் 687. ஒவ்வொரு நாளும் சூரியனின் திசை தெரியும், செவ்வாயின் திசை தெரியும். சூரியன்-செவ்வாய் கோட்டை அடிக்கோடாக வைத்து நான்கு முக்கோணம் வரைந்தால் பூமியின் நான்கு நிலை கிடைத்துவிடும். அவற்றின் வழியே போகும் வட்டத்தின் மையம் சூரியனிலிருந்து ஆரத்தில் 0.018 தள்ளி இருந்தது. டைக்கோ வைத்திருந்தது 0.036, சரியாகப் பாதி. அதாவது பூமிக்கும் ஈக்வன்ட் தேவை. சூரியனுக்கு அருகில் வேகம், தொலைவில் மெதுவாக. பூமி அன்றுதான் கணக்கில் ஒரு கோளாக ஆனது.

வகுப்பில் இதை வரைபடத் தாளில் செய்யலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. பாகைமானியில் அரைப் பாகை பிசகினாலே 0.018 என்ற விலகல் மூழ்கிப்போகும். பெரிய தாள் எடுங்கள், அல்லது முக்கோணங்களைச் சைன் விதியில் கணக்கிட்டுப் புள்ளியை மட்டும் வரையுங்கள்.

பிறகு செவ்வாய். நான்கு எதிர்நிலைகளை வைத்து, மையமும் ஈக்வன்ட்டும் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி ஒரு வட்டப் பாதையைப் பொருத்தினார். எழுபது முறையாவது திரும்பத் திரும்பப் போட்டதாக அவரே எழுதுகிறார். ஆரம் 1 எனில் சூரியன்-மையம் 0.113, மையம்-ஈக்வன்ட் 0.072. டைக்கோவின் எதிர்நிலைகள் எல்லாவற்றோடும் 2 கலைக்குள் ஒத்துப்போனது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு முடித்திருப்பார்கள். அவர் தூரத்தைச் சோதித்தார். தூரத்துக்கு 0.113 ஒத்துவரவில்லை, 0.09 அளவில் கேட்டது. சரி, மொத்தத்தைச் சரிபாதியாகப் பிரித்து 0.093 என்று வைத்தால் திசை 8 கலை தவறியது. தாலமியின் நோக்குகள் 10 கலைக்குள் சரி என்றால் போதும் என்பதால் அவர் இந்த 8-ஐக் கண்டுகொண்டிருக்க முடியாது, டைக்கோவின் அளவு கையிலிருக்கும் தன்னால் விட முடியாது என்றார் கெப்ளர்.

ஆதிரை:
அந்த 8 கலை எங்கிருந்து வந்தது? நீள்வட்டத்துக்குப் பதில் வட்டம் வைத்ததால் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எண்ணாகக் காட்ட முடியுமா?

கணியன்:
முடியும். சம தூரத்தில் ஈக்வன்ட் வைத்த வட்டத்தையும், கெப்ளரின் நீள்வட்டத்தையும் தொடராக விரித்து ஒப்பிட்டால், முதல் உறுப்பு இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் மையவிலகலின் (சூரியன் மையத்திலிருந்து தள்ளியிருக்கும் அளவு, ஆரத்தின் பங்காக) வர்க்கத்தில் கால் பங்காக வரும். அது பாதையின் எட்டில் ஒரு பாகங்களில், அதாவது 45, 135 பாகையை ஒட்டி உச்சம் அடையும். செவ்வாய்க்கு 0.0934-ஐ வர்க்கமாக்கி 4-ஆல் வகுங்கள்: 0.00218 ரேடியன். அது 7.5 கலை. கெப்ளர் மோதிய அந்த 8 கலை இதுதான், அவர் கண்டதும் அந்த எட்டில் ஒரு பாகங்களில்தான்.

ஏன் இத்தனை காலம் ஈக்வன்ட் தாக்குப் பிடித்தது என்பதும் இதில் தெரிகிறது. நீள்வட்டத்தின் இரு குவியங்களில் ஒன்றில் சூரியன் இருக்கும், மற்றது காலி. அந்தக் காலியான குவியத்திலிருந்து பார்த்தால் கோள் கிட்டத்தட்டச் சீராகவே நகரும். தாலமி கண்ட புள்ளி அந்தக் காலிக் குவியம். கோப்பர்நிக்கஸ் விதிமீறல் என்று ஒதுக்கியதுதான் உண்மைக்கு மிக அருகில் இருந்தது.

இதே கணக்கை வியாழனுக்குப் போடுங்கள், மையவிலகல் 0.048: 2 கலை. டைக்கோவின் அளவுப் பிழைக்குள் புதைந்துவிடும். பூமிக்கு 14 விகலை, பார்க்கவே முடியாது. புதனுக்குப் பெரிதாக வரும், ஆனால் அது சூரிய ஒளியில் மூழ்கிக் கிடப்பதால் நல்ல அளவு கிடையாது. டைக்கோவின் கருவியில் நீள்வட்டம் வெளிப்படச் செவ்வாய் ஒன்றுதான் வழி.

வட்டம் எவ்வளவு நசுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், படம் வரைபவர்கள் தவறு செய்யும் இடம் இது. செவ்வாய்ப் பாதையின் நெட்டச்சு ஒரு மீட்டர் என்றால் குற்றச்சு 995.6 மில்லிமீட்டர். கையேட்டில் முட்டை வடிவில் வரைந்துவிடாதீர்கள். கெப்ளருக்கும் பொறி தட்டியது இந்தச் சிறு எண்ணில்தான். வட்டத்துக்கும் உண்மைப் பாதைக்கும் பக்கவாட்டில் இடைவெளி 1,00,000-க்கு 429 என்று கண்டிருந்தார். வேறொரு வேலையாக 5 பாகை 18 கலையின் சீகன்ட் மதிப்பைப் பார்த்தார்: 1,00,429. அந்தக் கோணம், மையத்துக்கும் சூரியனுக்கும் இடையிலான விலகலைக் கோளிலிருந்து பார்க்கையில் வரும் உச்சக் கோணம். அதைப் பிடித்துக்கொண்டு போனார், நீள்வட்டத்தில் வந்து நின்றது.

இதன் பயன் 1627-ல் ருடால்ஃப் பட்டியலாக வந்தது. 1631 நவம்பர் 7-ல் புதன் சூரியனைக் கடப்பதைப் பிரெஞ்சு வானியலாளர் கசெந்தி பாரிஸில் பார்த்தார். கெப்ளரின் பிழை அரைப் பாகைக்கும் குறைவு. கோப்பர்நிக்கஸ் வழிப் பட்டியல்கள் 5 பாகை அளவுக்குத் தவறின. தொழில்முறைக் கணக்கர்கள் மாறத் தொடங்கியது இந்த மாதிரி நாட்களுக்குப் பிறகு.

வெள்ளிவீதி:
ஒரு சின்னக் கேள்வி. நம்ம பஞ்சாங்கம் இன்றும் பூமியை நடுவில் வைத்துத்தானே கோள் நிலை சொல்லுது? "அதுவும் சரியா வருதே" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

பரிதி:
திருக்கணிதப் பஞ்சாங்கம் எடுத்துக்கொள்ளும் கோள் நிலைகள் இன்றைய வானியல் கணக்கிலிருந்து வருபவை. அங்கே முதலில் சூரியனை வைத்துச் செவ்வாயின் இடம், பூமியின் இடம் இரண்டும் கணக்காகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூமியிலிருந்து தெரியும் திசை. அச்சில் தெரிவது அந்தக் கடைசிப் படி மட்டும்.

பழைய இந்தியக் கணக்கிலும் இந்த விஷயம் உள்ளே இருக்கிறது. 499-ல் ஆரியபட்டர் 43,20,000 ஆண்டில் வெள்ளியின் சீக்கிரோச்சம் என்ற உச்சப் புள்ளி 70,22,388 சுற்று என்கிறார். வகுத்தால் 224.70 நாள், சூரியனைச் சுற்ற வெள்ளி எடுக்கும் காலம். ஆனால் அவர் அதைப் பூமியை மையமாகக் கொண்ட அமைப்பில் ஒரு உச்சப் புள்ளியின் சுற்றாகத்தான் வைத்திருந்தார், ஆகவே "ஆரியபட்டர் சூரிய மையம் சொன்னார்" என்று கையேட்டில் எழுத வேண்டாம். அவர் சொன்னது பூமியின் தன்சுழற்சி. 1500 வாக்கில் கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி புதன், வெள்ளி கணக்கைத் திருத்தி, ஐந்து கோளும் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் அமைப்பை வைத்தார். டைக்கோவுக்குச் சுமார் 80 ஆண்டு முன்.

துலாக்கோல்:
நல்லது. ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. கெப்ளரின் நீள்வட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, பூமியை நிறுத்திச் சூரியனை நீள்வட்டத்தில் ஓட விட்டாலும் திசைகள் மாறாதே. பூமி உண்மையில் நகர்கிறது என்று அளந்து காட்டியது எப்போது?

தெற்குவானம்:
1728. கெப்ளரின் நூலுக்கு 119 ஆண்டுக்குப் பிறகு. அதுவும் தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

காமா டிராகோனிஸ் என்ற விண்மீன் லண்டனுக்கு நேர் உச்சியில் கடக்கும். உச்சியில் காற்று ஒளியை வளைக்காது, அந்தப் பிழை ஒழியும் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். சாமுவேல் மோலினோவும் ஜேம்ஸ் பிராட்லியும் 1725 டிசம்பரில் லண்டன் அருகே கியூவில் 24 அடி நீளத் தொலைநோக்கியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். டைக்கோ தேடிய இடமாறு தோற்றமாக (பார்க்கும் இடம் மாறுவதால் விண்மீன் நகர்வதாகத் தெரிவது) இருந்தால் விண்மீன் டிசம்பரில் தென்கோடியில் இருந்து பிறகு வடக்கே திரும்ப வேண்டும். ஆனால் டிசம்பரிலும் தெற்கே போய்க்கொண்டே இருந்தது. மார்ச்சில் 20 விகலை தள்ளி நின்றது, செப்டம்பரில் மறுபக்கம் அதே அளவு. மூன்று மாதம் பிந்திய ஆட்டம். பிராட்லி வான்ஸ்டெட்டில் பன்னிரண்டரை அடிக் கருவி வைத்து வேறு விண்மீன்களையும் பார்த்தார். கோணம் பூமியின் இடத்தைப் பொறுத்து மாறவில்லை, பூமி போகும் திசையையும் வேகத்தையும் பொறுத்து மாறியது. ஒளி வர நேரமாவதால், ஓடும் பூமியிலிருந்து பார்க்கும் தொலைநோக்கியை ஓடும் திசைக்குக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கு: 20.5 விகலையை 2,06,265-ஆல் (ஒரு ரேடியனில் உள்ள விகலைகள்) வகுத்தால் 0.0000994. ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டரை அதால் பெருக்கினால் 29.8 கிலோமீட்டர். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் அதுவே. டைக்கோ அமைப்பில் இதற்கு இடமே இல்லை. வானத்தின் எல்லா விண்மீனும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், ஒரே அளவு, ஒரே ஆண்டுச் சுழற்சியில் ஆட வேண்டிய காரணம் எதுவும் அங்கே கிடையாது.

நியூட்டன் 1687-லேயே இயக்க விதியின் வழியாகப் பெரும்பாலோரை மாற்றியிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் சூரியனும் அசையாத மையம் அல்ல. சூரியனும் வியாழனும் மட்டும் இருந்தால் அவற்றின் பொது நிறை மையம் சூரியனின் நடுவிலிருந்து சுமார் 7,42,000 கிலோமீட்டர் தள்ளி, சூரியப் பரப்புக்குச் சற்று வெளியே விழும். "எந்த மையமும் சமம்" என்று கேட்கும் மாணவருக்கு: திசையை மட்டும் சொல்வதற்குச் சமம்தான். எது எதை இழுக்கிறது என்று கேட்டால் சூரியனின் நிறை பூமியைப்போல் 3,33,000 மடங்கு.

ஆதிரை:
அப்போது டைக்கோ தேடிய அந்த இடமாறு தோற்றம்?

தெற்குவானம்:
1838-ல் ஜெர்மன் வானியலாளர் பெசல், கோனிக்ஸ்பெர்க்கில். விண்மீன் 61 சிக்னி. பிரகாசமானது அருகில் இருக்கும் என்று எல்லோரும் பிரகாசமான விண்மீனைத் தேடியபோது, அவர் ஆண்டுதோறும் வேகமாக இடம்பெயரும் மங்கலான விண்மீனைத் தேர்ந்தார். ஃபிரவுன்ஹோஃபர் பட்டறையில் செய்த ஹீலியோமீட்டரில் வில்லையை நடுவில் இரண்டாக வெட்டியிருப்பார்கள். ஒரு பாதியை நகர்த்தி, பக்கத்து விண்மீனின் பிம்பத்தோடு இதன் பிம்பத்தை ஒட்டவைத்து, எவ்வளவு நகர்த்தினோம் என்று திருகில் படிக்க வேண்டும். வானத்தில் முழு இடத்தையும் அளக்காமல் பக்கத்து விண்மீனோடு மட்டும் ஒப்பிடுவதால் பிராட்லியின் 20 விகலை ஆட்டம் இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும். கிடைத்தது 0.314 விகலை, இன்றைய மதிப்பு 0.286. டைக்கோவின் ஒரு கலையில் சுமார் இருநூறில் ஒரு பங்கு. அவர் கருவிக்கு அகப்படாததில் வியப்பில்லை.

கையேட்டில் படம் போட ஒரு யோசனை. இதே காலத்தில் தாமஸ் ஹெண்டர்சன் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1832–33-ல் ஆல்ஃபா சென்டாரியை அளந்திருந்தார். வெளியிட்டது 1839-ல், பெசலுக்குப் பின். அதன் இடமாறு தோற்றம் 0.75 விகலை, வெறுங்கண்ணில் தெரியும் விண்மீன்களில் இதுதான் பெரியது. கோனிக்ஸ்பெர்க்கில் அது உதிப்பதே இல்லை. சென்னையில் தெற்கே 16 பாகை உயரம் வரை வரும், கன்னியாகுமரியில் 21 பாகை. மே மாத இரவில், பத்து மணி வாக்கில், தெற்கு அடிவானம் மறைக்காத இடமாக இருந்தால் போதும்.